அவிநாசி சாலையில் நொய்ச்சோறு

ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், அவிநாசி தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் நானும் மனைவியும் இறங்குகிறோம். கடைக்காரப் பெண் வியட்நாமில் பிறந்தவர். திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். சோறு, சுட்ட கோழி, பொரித்த முட்டை, மேலே தாளித்த வெங்காயத்தாள் என்று தட்டை நிரப்பி வைக்கிறார்.

சோறு உடைந்த அரிசியாக, பொடிப்பொடியாக இருக்கிறது. "நொய்யுங்களா?" என்கிறேன்.

"ஆமாங்க. எங்கூர்ல முன்னெல்லாம் இல்லாதவங்க சோறுங்க. இப்ப ஆபீசரு, ஆட்டோக்காரரு, அத்தனை பேருக்கும் காத்தால இதுதானுங்க. முழு அரிசி போட்டா சண்டைக்கு வந்துருவாங்க!"

மனைவி என்னைப் பார்க்கிறாள். எதற்கென்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், தன் வீட்டிலிருந்து வந்த நொய்யை அவள் ஆக்கிவைத்தாள். "இது கோழிக்குப் போடுறது" என்று தட்டைத் தள்ளினேன். அவள் அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். தப்பென்று அப்போதே தெரியும். ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் நொய் வேகவே இல்லை.

இப்போது என் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"அன்னைக்கு உங்கப்பா முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்கிறேன்.

"இதைச் சொல்ல நாப்பது வருசமாச்சாக்கும்?" என்றவள், கடைக்காரப் பெண்ணிடம் திரும்புகிறாள். "ஏங்கண்ணு, இந்தக் கெழட்டுச் சேவலுக்கு இன்னொரு கரண்டி நொய் போடு."

நான் தட்டை நீட்டுகிறேன்.