முதலில் ‘யார்’ என்று கேட்டவர்

பூவம் கிளையில் ரத்த மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. “நூருன்னிசா அக்கா மௌத்தாயிட்டாங்கண்ணே. நெஞ்சு வலியாம்,” என்றார் காரைக்கால் தலைமை ஆய்வகத்தில் வேலைபார்க்கும் செல்வி. அழுகைக்கு முன் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எங்கள் பரிசோதனை நிலையத்தில் எல்லோருக்கும் அக்கா. கிளைக் கணினிகளைத் தலைமை ஆய்வகத்துச் சர்வரோடு இணைத்தவர் அவர். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் ஏற்றினார். பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான், பாடம் பிடித்துப்போய் அல்ல. “எம்புள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கச் செருப்பு தேஞ்சுது. இந்தப் பொட்டிக்கு ஒக்காந்த எடத்துலயே கெடைக்குதே!” என்றேன்.

சிரித்தார். “ஒங்க கம்ப்யூட்டர் யாருன்னு சர்வர் கேக்கும். சர்வர் யாருன்னு ஒங்க கம்ப்யூட்டரும் கேக்கும். அப்புறந்தான் பேச்சு. சம்பந்தம் பேசுறப்ப ரெண்டு வீடும் விசாரிக்கிறதில்லையாண்ணே?”

சான்றிதழ்களைப் புதுப்பிக்க அவர் நேரம் கேட்டார், முதலாளி தரவில்லை. கெடு முடிந்து, கிளிஞ்சல்மேட்டுக் கிளை ஒரு காலை முழுக்க நின்றது. “தொல்லைம்மா, அந்த ‘யாரு’ன்னு கேக்குற சோதனையையே எடுத்துடு,” என்றார் முதலாளி.

“எடுக்க மாட்டேன் சார். கடலுக்குப் போற மனுசன் நம்மள நம்பிக் கைய நீட்டுறாரு. அவரு ரிசல்ட்டு வழியில எவன் கைக்குப் போவுதுன்னே தெரியாம அனுப்பச் சொல்றீங்களா?”

முதலாளி வேறு ஆளை வைத்து எடுத்தார். அக்காவை வேலையை விட்டே அனுப்பினார்.

அன்றிலிருந்து தினமும் திரையில் ஓர் எச்சரிக்கை: ‘இந்தச் சர்வரை உறுதிசெய்ய இயலவில்லை. தொடரவா?’ ‘ஆம்’ என்று அமுக்க வேண்டும் என்பது உத்தரவு. நானும் அமுக்கினேன், வீட்டிலும் வெளியிலும் ஆம் சொல்லியே பழகியவன்.

தருமபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சர்வரைப் பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டாங்க.”

“அந்தப் புள்ளையப் பாக்க விடாம வெரட்டுனது யாரு சார்?”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அக்காவின் மையத்து இன்னும் எடுக்காத வீடு என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை திரையில் அதே எச்சரிக்கை. நான் அமுக்கவில்லை. வந்தவர்கள் விவரத்தைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மாதிரிப் பெட்டியோடு அனுப்பினேன். முதலாளி போனில் கத்தினார். “அக்கா போட்டிருந்த சோதனையத் திரும்பப் போடச் சொல்லுங்க சார். அப்புறம் கம்ப்யூட்டரத் தொடுறேன்,” என்றேன். வேலை போகுமா என்று மனைவி கேட்கிறாள். போகலாம்.

‘தொடரவா?’ இன்னும் திரையில் நிற்கிறது. போய் வாருங்கள் அக்கா. இங்கே ஒரு விரல் மடங்கியே இருக்கிறது.