கடுகும் வெள்ளை நரியும்

பிரியாணிக்கு முன்னால் அடி விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. கல்லூரித் தோழன் காதர், மதுரை கே.கே. நகரிலிருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி ஃபரிதா, சமயநல்லூரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அது எனக்குத் தெரியும். வீடியோ கேமில் சண்டை போடுவார் என்பது தெரியாது.

“ஒரு ஆட்டம் ஆடலாமாண்ணே?” என்றார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் ஆள் தரையில் கிடந்தான்!

“எப்படிம்மா?”

“நீங்க நடந்தா காலடிச் சத்தம். குதிச்சா துணி படபடங்கும். உதைக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆளு ஒரு மூச்சு விடுவான். இடது காதுல கேட்டா இடது பக்கம் இருக்கீங்க. இம்புட்டுத்தாண்ணே.”

இம்புட்டுத்தானாம்! இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு நான் பார்க்காததை எல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தினமும் மாலையில் இணையத்தில் ஆடுவாராம். அங்கே அவர் பெயர் ‘கடுகு’. உலகம் முழுக்க எதிரிகள். பிரேசில்காரர் ஒருவர் — ‘வெள்ளை நரி’ — பல வருடப் பரம எதிரி. பார்வை இல்லை என்பதை ஃபரிதா யாரிடமும் சொன்னதில்லை.

“ஏம்மா சொல்லல?”

“வெளிய போனா ‘பாவம்’னு வழி விடுறாய்ங்கண்ணே. அங்க ஒருத்தனும் விட மாட்டான். அம்புட்டுப் பேரும் அடிக்க வாராய்ங்க. அதான் சந்தோசம்.”

அந்த சந்தோஷத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அப்டேட் வடிவத்தில்.

“மாப்ள, ஃபரிதா சரியாவே பேச மாட்டேங்குறா. கொஞ்சம் வந்துட்டுப் போ” என்று காதர் போன் செய்தான். போனேன். கேம் நிறுவனம் ‘ஒலியை மேம்படுத்தி’ இருக்கிறது. இடது வலது வித்தியாசமே போய்விட்டது. குத்துக்கும் உதைக்கும் ஒரே ‘டம்’.

“எல்லாச் சத்தமும் நடு மண்டையில வந்து உக்காந்துக்கிருச்சுண்ணே” என்றார். நேற்றுதான் ஆடத் தொடங்கிய கத்துக்குட்டிகளிடமெல்லாம் தோற்றிருக்கிறார். வெள்ளை நரியைக்கூட அதன்பிறகு காணோமாம்.

“பழைய கேமையே ஆட வேண்டியதுதானே?”

“அப்டேட் பண்ணாட்டி உள்ளயே சேக்க மாட்டாய்ங்கண்ணே.”

விலை கொடுத்து வாங்கிய பொருள்தான். ஆனாலும் சாவி அவர்களிடம்! வீடு கட்டித் தந்த கொத்தனார், நாம் தூங்கும்போது வந்து படிக்கட்டை இடம் மாற்றிவிட்டுப் போனால் சும்மா விடுவோமா? ‘மேம்படுத்தியிருக்கிறேன்’ என்று சொன்னால் கைகூப்புவோமா?

புகார் அனுப்பினார். உடனே பதில் வந்தது, இயந்திரத்திடமிருந்து. ‘திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கவும்.’

காதர் கொதித்துவிட்டான். “கண்ணு தெரியாதுன்னு எழுதிர வேண்டியதுதான?”

ஃபரிதா மெதுவாக, “எழுதுனா அங்கயும் நான் பாவம் ஆயிருவேன்ல?” என்றார்.

ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், அந்த ஆட்டம் தந்த மரியாதையைப் பணயம் வைக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

ஃபரிதாவுக்கு வந்தது. அந்த வாரக் கடைசியில் ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் தளத்தில் ஒரு வீடியோ போட்டார். படமே கிடையாது — வெறும் கறுப்பு. முதலில் பழைய சத்தம். பிறகு புதிய சத்தம். கடைசியில் அவர் குரல்: ‘எனக்குப் பார்வை இல்லை. பரிதாபம் வேண்டாம். என் இடதையும் வலதையும் திருப்பிக் கொடுங்கள், போதும்.’

பதில்களைப் போன் வாசித்துச் சொல்ல, மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த வேக ஆங்கிலம் எனக்குப் பிடிபடாததால் காதர்தான் தமிழில் எடுத்துச் சொன்னான். ‘நம்ப முடியவில்லை’ என்றது ஒன்று. ‘பொய்’ என்றது இன்னொன்று. ஃபரிதா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் வந்தது, வெள்ளை நரியின் பதில்.

‘கடுகு... நானும்தான்.’

போனை வாங்கி மறுபடி வாசிக்க வைத்தார் ஃபரிதா. அதில் இன்னொரு வரியும் இருந்தது: ‘பார்வை உள்ள ஒருவரை ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டேனே!’

“அடப்பாவி... நானும் அப்படித்தானடா நெனச்சேன்!” என்று ஃபரிதா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர்.

யோசித்துப் பாருங்கள். பூமியின் இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர். இருவருக்கும் திரை தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள்... இதற்குள் ‘நானும்தான்’, ‘நானும்தான்’ என்று வேறு வேறு நாடுகளிலிருந்து வந்துகொண்டே இருந்தன. பார்வை உள்ளவர்களும் சேர்ந்து, ‘சத்தத்தைத் திருப்பிக் கொடு’ என்று நிறுவனத்தைத் துளைத்தெடுத்துவிட்டார்கள்.

சில வாரங்களில் நிறுவனம் இறங்கி வந்தது. பழைய ஒலியையும் வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு அப்டேட். இனி ஒலியில் கை வைப்பதற்கு முன் கேட்டுச் சொல்ல முடியுமா என்று ஃபரிதாவுக்கும் வெள்ளை நரிக்கும் அழைப்பு. பறித்த வழியாகவே திருப்பித் தரவும் முடிகிறது பாருங்கள். கேட்பதற்கு ஒரு குரலும், காதுகொடுக்க ஒரு மனிதரும் இருந்தால் போதும்.

போன ஞாயிறு இருவரும் மறுபடி மோதினார்கள். சத்தம் கூடாதென்று காதர் ஃபேனை நிறுத்திவிட்டான். மதுரை வெயில்! சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தான்.

“பொண்டாட்டி மேல அம்புட்டுப் பாசமாடா?” என்று கிசுகிசுத்தேன்.

“பயம் மாப்ள. தோத்தா மூணு நாளைக்குப் பேச மாட்டா.”

ஃபரிதா ஜெயித்தார். அடுத்த ஆட்டம் உடனே தொடங்கிவிட்டதால், சத்தமே வராமல் கைதட்டுவது எப்படி என்று அன்று கற்றுக்கொண்டேன்.