ரப்பர்கொட்டை ஜாடி

கரங்கான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காத்தாயிக்கு அவள் மூக்குதான் எதிரி. தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் எவளாவது புளித்த இறால் விழுதான பிளாச்சானைச் சுட்டால் போதும், வாசலில் நின்று கத்தித் தீர்ப்பாள். ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் பருப்பும் மிளகாயும் அற்றுப்போய், வெறும் மரவள்ளிக்கிழங்கே சோறானது. அப்போதுதான் பக்கத்து வீட்டுச் செல்லாயி ரப்பர்கொட்டையை அவித்து, நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி விஷம் போக்கி, ஜாடியில் புளிக்கவைத்துக் கொண்டுவந்தாள்.

"சீ! செத்த எலிய ஊற வச்ச மாதிரி நாறுது. இத மனுசி திம்பாளா?"

"கெழங்குக்குத் தொட்டுக்கிட்டு முழுங்குக்கா. எம் பிள்ளைங்க திங்கல?"

மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். இரண்டு வருஷம், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வசவு. ஜாடி போடும் பக்குவம் அவள் கைக்கே வந்துவிட்டது. வசவு மட்டும் குறையவில்லை. ஜப்பான்காரன் தோற்ற சேதி வந்த அன்று ஜாடியைத் தூக்கிக் கால்வாயோரம் போட்டு உடைத்தாள்.

"தொலஞ்சுது சனியன்!"

அடுத்த மாதம் ரேஷனில் கொஞ்சம் அரிசியும் பருப்பும் வந்தன. குழம்பு வைத்து, ஆசையாக முதல் கவளத்தை வாயில் போட்டவள் முகம் சுளித்தாள்.

"தூ! சப்புன்னு கெடக்கு."

கையைக்கூடக் கழுவாமல் ரப்பர் மரத்தடிக்குப் போய், திட்டிக்கொண்டே கொட்டை பொறுக்கத் தொடங்கினாள்.