கறைக்காரம்மாவின் இனிப்புச் சொட்டு

ஜனவரி 28 — முதல் கடிதம்
பிப்ரவரி 6 — கடைப் பாட்டில் ஒன்று — 340
பிப்ரவரி 15 — கடைப் பாட்டில் ஒன்று — 340
பிப்ரவரி 24 — கடைப் பாட்டில் ஒன்று — 340
மார்ச் 5 — கடைப் பாட்டில் ஒன்று — 355
மார்ச் 9 — காய்ந்த சீனித்துளசி இலை, கால் கிலோ — 120
மார்ச் 10 — மேற்படி இலை, குப்பையில் — 120
மார்ச் 14 — சீனித்துளசிச் சாரப் பொடி, 25 கிராம் — 260
மார்ச் 14 — பட்டை, ஆரஞ்சு — 45
ஏப்ரல் 7 — கண்ணாடிப் பாட்டில், சொட்டுக் குழாயுடன் — 35

சலவை நிலையத்தின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டி, வெள்ளைக் கல் பதித்த மேஜை ஒன்று உண்டு. இருபத்தாறு ஆண்டுகளாக அது அவளுடைய மேஜை. மையோ எண்ணெயோ பழச்சாறோ, கறையோடு வரும் துணி எதுவானாலும் முதலில் அங்கேதான் வந்து படுக்கும். கடையில் அவளுக்குப் பெயரே கறைக்காரம்மா என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும் பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் வேலை செய்யும் விதம் ஒன்றே ஒன்றுதான். முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு விரலால் தொட்டுப் பார்ப்பாள். அதன் பிறகுதான் மருந்து, அதுவும் ஒரு சொட்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவசரப்பட்டால், “போட்ட சொட்டைத் திரும்ப உறிஞ்சி எடுக்க முடியாதுப்பா. குறைச்சுப் போட்டா இன்னொண்ணு போடலாம்” என்பாள். இஸ்திரி போடும் அண்ணன் அவளைவிட நாலு வயது பெரியவர். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் அழைப்பார். வயதுக்கு இல்லை, கைக்கு மரியாதை என்று காரணமும் சொல்வார்.

அவளுடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். ஜனவரியில் பணிமனையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. அவருடைய ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கடிதம் வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து இறங்க வேண்டும். மற்ற ஓட்டுநர்களுக்கு வண்டிச் சாவி எடுத்துக் கொடுக்கும் சாவி கவுன்டரில் உட்கார வேண்டும். மே மாதம் மறுபடியும் பரிசோதனை. அதிலும் சர்க்கரை கோட்டுக்கு மேலே இருந்தால் ஓய்வு பெறும்வரை சாவி கவுன்டர்தான்.

முதல் நாள் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“இத்தனை வருஷம் சாவி வாங்கின கை. இப்போ சாவி குடுக்குது, பாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ராத்திரி தூக்கத்தில் அவருடைய வலது கால் பிரேக்கை அழுத்துவதுபோல் உதறியதை அவள் மட்டும் பார்த்தாள். இந்த மனிதரை மறுபடியும் வண்டியில் ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

அவருடைய சர்க்கரையில் பெரும்பங்கு டீ வழியாகத்தான் உள்ளே போனது. ஒரு நாளைக்கு ஒன்பது டீ, ஒவ்வொன்றிலும் இரண்டரைக் கரண்டி. டாக்டர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார். ஒரு வாரம் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு திரிந்தார். “கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டச் சொல்லு, ஓட்டறேன். இனிப்பில்லாம டீ குடிக்க மட்டும் சொல்லாதே” என்றார். அப்போதுதான் அந்தக் கடைப் பாட்டில் வீட்டுக்குள் வந்தது. கட்டைவிரல் உயரம், முப்பது மில்லி, சர்க்கரை இல்லாத இனிப்பு. எட்டுச் சொட்டு விட்டால் ஒரு டீ இனிக்கும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது நாளில் தீர்ந்தது. வண்டி ஓட்டாதவருக்கு, ஓட்டும் நாளுக்கென்று தரும் படிப் பணமும் கிடையாது. வரவு சுருங்கிய வீட்டில், பாட்டிலுக்கு முந்நூற்று நாற்பது என்பது தாங்காது. மார்ச்சில் கடைக்காரர் இன்னும் பதினைந்து ஏற்றினார். எல்லாவற்றையும் அவள் கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாள்.

பாட்டிலைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தை அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். தண்ணீர், சீனித்துளசி என்கிற இனிப்பு இலையின் சாரம், மணத்துக்கு ஏதோ ஒன்று. அவ்வளவுதான்.

“இதுக்கா முந்நூத்தி அம்பத்தஞ்சு? தண்ணிக்கு இவ்வளவு விலைன்னா நம்ம குழாயில கோடி கொட்டுதே!”

முதல் முயற்சி மானத்தை வாங்கிவிட்டது. காய்ந்த இலையை வாங்கி வந்து, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி வடிகட்டினாள். கரும்பச்சையாக வந்தது. மாடி அறையில் குடியிருக்கும் நாத்தனார் செருப்புக் கடையில் பில் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். அவள்தான் முதலில் ருசி பார்த்தாள். பார்த்த வேகத்தில் வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

“அண்ணி, எங்க அண்ணனோட சக்கரையைக் குறைக்கறீங்களா, ஆளையே குறைக்கறீங்களா?”

“ரொம்பக் கசக்குதா?”

“வேப்பிலை இதுகிட்ட டியூஷன் படிக்கணும். பாட்டில் காச மிச்சம் பிடிக்கப் போயி, நூத்தி இருபதும் போச்சு, நாக்கும் போச்சு. எச்சிக் கையால காக்கா ஓட்ட மாட்டீங்க நீங்க, தெரியும். அதுக்காக இப்படியா?”

அவள் வடிகட்டிய துணியை மோந்து பார்த்தாள். தப்பு எங்கே என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கறைத் துணியைக் கொதிநீரில் போட்டால் கறை நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இலையிலும் அப்படித்தான், கொதிநீர் கசப்பையெல்லாம் கிளப்பிவிட்டது. இருபத்தாறு வருடமாக மற்றவர்களுக்குச் சொன்ன பாடம் தன் அடுப்புக்கு வரவில்லையே என்று நொந்துகொண்டாள்.

மூலிகைக் கடைக்காரரிடம் மறுபடியும் போனாள். இலையிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைப் பொடியே இருக்கிறது என்று அவர் காட்டினார். விலை கேட்டதும் கை பின்வாங்கியது. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்ததும் கை முன்னால் வந்தது.

சலவைக் கடைச் சாமான் ஒன்றுகூட வீட்டுக்கு வரக்கூடாது என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். வடிகட்டப் புது மல் துணி கிழித்தாள். காலியான கடைப் பாட்டில்கள் மூன்றைக் கழுவி, வெந்நீரில் போட்டெடுத்துக் கவிழ்த்துக் காய வைத்தாள். ஒரு துண்டு பட்டையும், வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய ஆரஞ்சுத் தோலும், கொதித்து இறங்கிய தண்ணீரில் மூடிக் கிடந்தன. மணம் இறங்கியதும் இரண்டு தரம் வடிகட்டினாள். விரல் தாங்கும் சூட்டுக்கு வந்த பிறகு, பாட்டிலுக்கு ஒரு தேக்கரண்டி பொடி, தலை தட்டி. கலக்கிக் கலக்கித் தண்ணீர் தெளிவாகும்வரை நின்றாள். பத்து நாளுக்கு ஆகிற அளவுதான், அதற்கு மேல் செய்து வைப்பதில்லை, பாட்டில் குளிர்பெட்டியில்.

அன்று மாலை கணவர் முதல் வாய் டீ குடித்தார். இரண்டாவது வாய் குடித்தார். பிறகு மீதியையும் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினார்.

“கடை பாட்டில்ல வெறும் இனிப்புதான். இதுல வாசனையும் இருக்கு. என்ன போட்டே?”

“ஆரஞ்சுத் தோலு. பழத்தை உங்க தங்கச்சி தின்னுட்டா.”

“கூலி வாங்காம ருசி பார்க்க நான் என்ன இளிச்சவாயா?” என்றாள் நாத்தனார்.

பாட்டிலுக்கு ஆன செலவு முப்பதைத் தாண்டவில்லை. அடுத்த முறை இஞ்சி, அதற்கடுத்த முறை ஏலக்காய். கணவர் ஒரு பாட்டிலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். கேன்டீனில் பேனாவை எடுப்பதுபோல எடுத்து, எட்டுச் சொட்டு விட்டு, மூடிப் பையில் போடுவார். “வீட்டுக்காரி தயாரிப்பு” என்று எதிரில் இருப்பவருக்கு விளக்கமும் கொடுப்பார்.

ஏப்ரல் முதல் வாரம் அந்தப் பையிலிருந்த பாட்டில் சாவி இழுப்பறையில் சிக்கி நசுங்கி உடைந்தது. அவள் மருந்துக் கடையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் வாங்கி, அதே திரவத்தை ஊற்றிக் கொடுத்தாள். வீட்டு உபயோகத்துக்குப் பழைய பாட்டில்கள் இருந்தன.

ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. துவைக்கும் கல்லருகே அவருடைய காக்கிச் சட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையின் முன்பக்கம், மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில், டீ சிந்திய கறை. வழக்கம்போல் மோந்தாள். வழக்கம்போல் விரலால் தடவினாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கறையின் ஓரம் மொடமொடவென்று இருந்தது.

வெறும் டீ காய்ந்தால் துணி துணியாகவே இருக்கும். சர்க்கரை போட்ட டீ காய்ந்தால் ஓரம் கஞ்சி போட்டதுபோல் விறைத்துக்கொள்ளும். சூடு பட்டால் பழுப்பேறும். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஓர் ஓரத்தில் வைத்து எடுத்தாள். பழுப்பேறியது.

பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம்தான். சட்டையை எடுத்துப் போய், தங்கையோடு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரின் முன்னால் விரித்தாள்.

“என்னங்க இது?”

“டீ.”

“டீன்னு எனக்கும் தெரியும். எத்தனை கரண்டி?”

“எத்தனை சொட்டுன்னு கேளு.”

“சொட்டு போட்டா சட்டை இப்படி விறைக்காது. எத்தனை கரண்டி?”

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்தே சொன்னாள்: “அண்ணே, போலீஸ்காரியக் கட்டியிருந்தாக்கூடத் தப்பிச்சிருப்பே. கறைக்காரியக் கட்டிக்கிட்டே.”

“ரெண்டு கரண்டி” என்றார் அவர். “பணிமனையில மட்டும். பத்துப் பன்னெண்டு நாளா.”

“ஏன்?”

“கசக்குதும்மா. வீட்டுல குடிச்சா நல்லாத்தான் இருக்கு. அங்க எடுத்துட்டுப் போனா கசக்குது. பாக்கெட் சூட்டுல கெட்டுப் போகுதோ என்னமோ. நீ வேலை முடிச்சு வந்து, நின்னுக்கிட்டே கலக்கறே. உங்கிட்ட வந்து கசக்குதுன்னு எப்படிச் சொல்றது?”

“அதுக்கு? ஸ்டியரிங்கே போனாலும் பரவாயில்லையா? எனக்கு மனசு நோகக்கூடாதுன்னு நீங்க சாவி கவுன்டர்லயே உக்காந்துடுவீங்களா?”

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவளுக்கு அழுகையும் வந்தது, ரோஷமும் வந்தது. ரோஷம் முந்திக்கொண்டது. தன் கைப்பக்குவம் பணிமனைக்குப் போனதும் கசக்குமா? பார்த்துவிடலாம்.

இரண்டு குவளை டீ போட்டாள். ஒன்றில் வீட்டுப் பாட்டிலிலிருந்து எட்டுச் சொட்டு, மற்றொன்றில் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து எட்டுச் சொட்டு. முதலாவது இனித்தது. இரண்டாவது நாக்கின் அடியில் போய்க் கசந்தது. இரண்டும் ஒரே நாள் கலக்கியவை. கண்ணாடிப் பாட்டிலை மோந்தாள். கெட்ட வாசனை இல்லை. அப்படியானால் சரக்கில் பிழை இல்லை.

வடிகட்டும் வெள்ளைத் துணியை மேஜையில் விரித்தாள். பழைய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். உளுந்து அளவு பரவி நின்றது. பக்கத்தில் கண்ணாடிப் பாட்டிலின் குழாயிலிருந்து ஒரு சொட்டு. அது மொச்சை அளவுக்குப் பரவியது.

“அட!” என்றார் கணவர்.

“சொட்டு பெருசு” என்றாள் அவள். “இனிப்பு அதிகமானா கசக்கும். நீங்க எட்டுன்னு விட்டதெல்லாம் பன்னெண்டு, பதிமூணு. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குழாய்னு தினமும் மாத்திக்கிட்டுதான் வேலை செய்யறேன். வீட்டுக்கு வந்ததும் அது மறந்துபோச்சு பாருங்க. இது என் தப்பு.”

“என் தப்பும் இருக்கு. வாயைத் தொறந்திருக்கணும்.”

“ஆமா, இருக்கு. டீ குடிக்க மட்டும் தொறக்கத் தெரியுது.”

கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள். சிவப்பு என்றால் ஐந்து சொட்டு. மறுநாள் மாலை பணிமனையிலிருந்து வந்தவர், அங்கே குடித்த டீ கசக்கவில்லை என்பதற்கு, கவிழ்த்துக் காட்டக் குவளை இல்லாததால் வெறுங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சட்டையை அவளே வாங்கித் தடவிப் பார்த்தாள். ஒரு நாளும் ஓரம் விறைக்கவில்லை.

மே 12 அன்று ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. சொட்டால் மட்டும் இறங்கியது என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. மாத்திரை ஒரு வேளை தவறவில்லை, சாப்பாடு பாதியானது, காலையில் பணிமனைவரை நடந்தே போனார். ஆனால் நாளுக்கு இருபது கரண்டிக்கு மேல் சர்க்கரையை நிறுத்தி வைத்தது சொட்டுதான். அது அவள் கை.

பணிமனையில் விஷயம் பரவ நாளாகவில்லை. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகச் சட்டைப் பையை எட்டிப் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அவள் விற்கவில்லை. “பொடி எங்க கிடைக்கும்னு சொல்றேன், வீட்டுல செய்யச் சொல்லுங்க. குழாயை மட்டும் மாத்தாதீங்க” என்று சொல்லி அனுப்பினாள். நாத்தனாரோ செருப்புக் கடையில், “எங்க அண்ணி ஒரு சொட்டுல ஆளை வண்டியில ஏத்துவாங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தாள். காக்கா ஓட்டாத கையை அவள் அப்புறம் பேசவே இல்லை.

ரத்தம் சரி என்றாலும் பணிமனையின் கடிதம் வராமல் சாவி கைக்கு வராது. மே முடிந்தது. ஜூன் தொடங்கியது. கவுன்டரில் உட்கார்ந்து அவர் மற்றவர்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மத்தியானம் நாத்தனார் மூச்சிரைக்கச் சலவை நிலையத்துக்குள் ஓடி வந்தாள். கையில் பழுப்பு உறை.

“அண்ணி! வந்துடுச்சு! பிரிங்க!”

மேஜையில் யாருடைய வெள்ளைக் கோட்டோ பாதிக் கறையோடு கிடந்தது. நடுவில் விட்டால் கறையைச் சுற்றி வளையம் விழுந்துவிடும்.

“அங்க வை. இதை முடிச்சுட்டு வரேன்.”

“அக்கா, எனக்கே பெட்டி பிடிக்க முடியல. நீங்க எப்படித்தான் நிக்கறீங்களோ!” என்றார் இஸ்திரி அண்ணன், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

“என் பேருக்கா வந்திருக்கு? அவர் பேருக்கு வந்தது, அவர்தான் பிரிக்கணும். போன் போட்டு வரச் சொல்லு” என்றாள் நாத்தனாரிடம்.

அவர் வந்து சேர்ந்தபோது கோட்டில் கறை இருந்த இடம் தெரியவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு உறையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“நீயே பிரி. இது உன் கணக்கு.”

பிரித்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். நாளை காலை முதல் வண்டிக்குச் சாவி பெற்றுக்கொள்ளவும். மற்றதெல்லாம் கையெழுத்தும் முத்திரையும்.

இஸ்திரி அண்ணன் மேஜையைத் தட்டினார். நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். விரித்த கையை அப்படியே வைத்திருந்தார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை எடுத்து, அந்தக் கையில் வைத்து மூடினாள்.

“அஞ்சு சொட்டு. எட்டு இல்ல.”

அந்தக் கடிதம் வந்த தேதி: ஜூன் 3, செவ்வாய்க்கிழமை.