மஞ்சள் அட்டை, மாலை 5:52

முப்பத்தொரு வருடம் நான் எங்கள் நகரசபையின் செயலாளராக இருந்தேன். யார் பேசினார், எத்தனை மணிக்குப் பேசினார், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று எழுதுவதுதான் என் வேலை. நடந்ததை எழுதுவேன். நடக்காததை எழுத மாட்டேன். இதுவும் நடந்ததுதான். நம்பச் சொல்லிக் கெஞ்சும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அந்த முப்பத்தொரு வருடக் குறிப்பேடுகளில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. ஒரு வரிதான். யாரும் சொல்லி நான் அதை எழுதவில்லை.

எங்கள் ஊர் டெக்சாஸில், சான் அன்டோனியோவுக்கு வடக்கே இருக்கிறது. மூவாயிரம் பேர். என் அப்பா இருபது வருடம் மேயர். ஹாக்பெரி ஓடையின் தரைப்பாலத்தைக் கட்டியவர் அவர். பாலத்தின் முனையில் பித்தளைத் தகட்டில் வ்ராபெல் என்ற எங்கள் பெயர் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு என் அண்ணன் மேயர். அண்ணனுக்குப் பிறகு அவர் மகன் வெஸ்லி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பெயரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் மஞ்சள் விளக்கு தானாக எரிய வேண்டும். தடுப்புக் கம்பி தானாக இறங்க வேண்டும். அது பழுதானபோது, வெஸ்லி அந்த வேலையைத் தன் மனைவியின் தம்பி கிளிஃபிடம் கொடுத்தான். வேறு யாரிடமும் விலை கேட்கவில்லை. கிளிஃப் புதுக் கம்பம் நட்டான், பெயின்ட் அடித்தான், படம் எடுத்துப் போட்டான். உள்ளே மின் இணைப்பே கொடுக்கவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தவள் ஒரேலியா. ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். தனியாக இருக்கும் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது அவள் தொழில். தினமும் நான்கு தடவை அந்தப் பாலத்தைக் கடப்பாள். எனக்கு மூன்று முறை போன் செய்தாள்.

“மிஸ் அடேல், அந்த வெளக்கு எரியலைங்க. நேத்து முழங்கால் தண்ணி ஓடுது, உங்க கம்பி வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது.”

“எழுதிக்கிட்டேன், ஒரேலியா.”

“போன தடவையும் எழுதிக்கிட்டீங்க. பாத்துங்க, பேனாவுல மை தீந்துடப் போவுது.”

மரியாதையாகத்தான் சிரித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. அது எங்கள் பெயர் இருக்கிற பாலம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பேச விரும்புகிறவர் மாலை ஆறு மணிக்குள் ஒரு மஞ்சள் அட்டையை நிரப்பி என்னிடம் தர வேண்டும். நான் நேர முத்திரை குத்துவேன். பெயரைக் கூப்பிட்டதும் மேடைக்கு முன் வந்து மூன்று நிமிடம் பேசலாம். என் மேசைக்கு அடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் விளக்குப் பெட்டியில் பச்சை எரியும். கடைசி முப்பது விநாடி மஞ்சள். பிறகு சிவப்பு, ஒரு மணியோசை. பேசப்பட்டது எதுவானாலும் குறிப்பில் ஏறும். ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது.

அது அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தேர்தலுக்கு மூன்று வாரம். மதியம் இரண்டு மணியிலிருந்து மழை.

5:35-க்கு வெஸ்லி என் மேசைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அத்தை, கிளிஃப் விஷயம் இன்னைக்குக் குறிப்புல ஏறக் கூடாது. மூணு வாரம். மூணே மூணு வாரம். அப்புறம் அவனை நானே பூட்ஸால ஒதைக்கிறேன்.”

“நிமிர்ந்து நில்லு. உங்க தாத்தா இந்த ஹால்ல குனிஞ்சு நின்னது கிடையாது.”

அவன் போய்விட்டான். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஒரேலியா எதிரே நின்றாள்.

வாசல் கதவில் ஒரு மாட்டு மணி கட்டியிருக்கிறோம். யார் வந்தாலும் அடிக்கும். அது அடிக்கவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மழைக்கோட்டு இல்லை. குடை இல்லை. தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. மழையின் வாசனை வரவில்லை... ஓடைச் சேற்றின் வாசனை வந்தது.

அட்டையை நீட்டினாள். அது மட்டும் காய்ந்திருந்தது.

“இன்னைக்குப் பேசணும், மிஸ் அடேல்.”

“மழையா இருக்கே. அடுத்த மாசம் பேசலாமே?”

“இன்னைக்குத்தான்.”

பழக்கத்தில் கை முத்திரையை எடுத்துவிட்டது. மாலை 5:52. அட்டையில் அவள் பெயர், முகவரி. பேசும் பொருள் என்ற இடத்தில் ‘வ்ராபெல் பாலம்’ என்று எழுதியிருந்தாள்.

அவள் கடைசி வரிசைக்குப் போனாள். நான் அட்டையைக் கோப்புக்கு அடியில் நகர்த்தினேன்.

ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. உறுப்பினர்கள் ஐந்து பேர், வக்கீல் ஒருவர், பொதுமக்கள் ஒன்பது பேர். கொடிக்கு வணக்கம் சொன்னோம். 6:07-க்கு வெஸ்லி என் பக்கம் திரும்பினான்.

“பொதுமக்கள்ல பேச யாராவது அட்டை கொடுத்திருக்காங்களா?”

“யாரும் இல்லை.”

ஒரேலியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து கத்துவாள் என்று நினைத்தேன். கையை உயர்த்துவாள் என்று நினைத்தேன். அசையவில்லை. கோபம் கூட அந்த முகத்தில் இல்லை.

6:11-க்கு மாட்டு மணி அடித்தது. பண்ணைக்காரர் பாய்ட், தாமதமாக. நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். நனைந்த தொப்பியைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்தார்.

ஒரேலியா உட்கார்ந்திருந்த நாற்காலியில்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். மறுபடி பார்த்தேன். தொப்பி நாற்காலியில் இருந்தது. அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். நகர்ந்திருப்பாள், நான் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

6:24. கிளிஃபின் வேலை பற்றி வக்கீலோடு தனியே பேச, உறுப்பினர்கள் பின்னறைக்குப் போய்க் கதவை மூடினார்கள். அப்படி நடந்தால் பொதுமக்கள் வெளித் தாழ்வாரத்தில் நின்று அரட்டை அடிப்பார்கள். அன்றும் போனார்கள். பாய்டின் குரல் மட்டும் கேட்டது. “மேயருக்கு மச்சான் வாய்க்கணும்னா இப்படி வாய்க்கணும்ப்பா! வெளக்குக்கு வேஷம் மட்டும் போட்டு விட்டிருக்கான்.” எல்லோரும் சிரித்தார்கள். கதவு மூடியது.

ஹாலில் நான்.

அவள்.

குழல் விளக்குகள் ரீங்காரமிட்டன. கூரையில் மழை.

அவள் எழுந்தாள். நடு வழியாக நடந்து வந்தாள். கம்பளத்தில் காலடி ஓசை இல்லை. மேடைக்கு முன் நின்றாள். இரண்டு கைகளையும் சாய்வுப் பலகை மேல் வைத்தாள், பேச வருகிறவர்கள் எல்லோரும் வைப்பதுபோல.

“கூட்டம் இடைவேளையில இருக்கு, ஒரேலியா” என்றேன்.

பச்சை விளக்கு எரிந்தது.

என் கை மேசை மேல் இருந்தது. பொத்தானில் இல்லை.

6:27.

ஒலிவாங்கியை நான்தான் அணைத்திருந்தேன். அதன் சிறு சிவப்புப் புள்ளி எரிந்தது. அவள் உதடுகள் அசைந்தன. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி அசைந்தன. ஒரு விரலை உயர்த்தினாள். இரண்டாவது விரலை உயர்த்தினாள். ஒன்று, இரண்டு என்று எதையோ முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் குரல் வரவில்லை.

தண்ணீர்...

முதலில் குழாயைத் திறந்துவிட்டதுபோல. பிறகு கனமாக. ஏதோ உலோகத்தில் மோதுகிற சத்தம். டொக்... டொக்...

பேனா என் கையில் இருந்தது. தாள் எதிரே இருந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை.

மஞ்சள்.

சத்தம் மேலே ஏறியது. ஒலிபெருக்கியின் கழுத்து வரை நிரம்பிவிட்டதுபோல அடைத்துக்கொண்டு வந்தது.

டொக்.

டொக்...

சிவப்பு. மணி.

தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

6:30.

அவள் பலகையிலிருந்து கைகளை எடுத்தாள். என்னைப் பார்த்தாள்.

“நன்றி, மிஸ் அடேல்.”

வாய் தானாகச் சொன்னது: “நன்றி. உட்காருங்க.”

பின்னறைக் கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தேன். வக்கீல் காபி கேட்டார். மறுபடி திரும்பியபோது மேடைக்கு முன் யாரும் இல்லை.

மாட்டு மணி அடிக்கவில்லை.

6:58-க்குக் கூட்டம் முடிந்தது. வீட்டுக்குப் போகும் முன் குறிப்பை எழுதினேன். ‘பொதுமக்களில் பேச எவரும் பதிவு செய்யவில்லை.’ மஞ்சள் அட்டையைத் தாள் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டேன். பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட வாய்போல இருந்தேன். இரவு சூப் குடித்தேன். தூங்கினேன்.

மறுநாள் காலை 7:40-க்கு, பாலத்துக்குக் கீழே ஒன்றரை மைலில், அவள் காரைக் கண்டுபிடித்தார்கள். மரத்தில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது. அவள் உள்ளே இருந்தாள்.

வேலை முடித்து வீடு திரும்பும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று ஊர் பேசியது. இறப்புச் சான்றிதழ் எழுதுகிற நீதிபதியும் ‘மாலை சுமார் ஏழு மணி’ என்று எழுதினார். யாரும் சந்தேகப்படவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். பேச விடாமல் அனுப்பிவிட்டேன், மழையில் போய் இறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மேடைக்கு முன் பார்த்ததை வயதின் கோளாறு என்று ஒதுக்கினேன்.

வெஸ்லி ஜெயித்தான். எண்பத்தாறு ஓட்டு வித்தியாசம்.

டிசம்பரில் ஒரேலியாவின் அக்கா நெல்டா புகார் கொடுத்தாள். தங்கை அன்று பேசுவதற்கென்றே போனாள், அட்டையை ஒளித்துவிட்டார்கள், வ்ராபெல் குடும்பம் அவளைக் கொன்றுவிட்டது என்று மளிகைக் கடையிலும் தேவாலய வாசலிலும் சொன்னாள். எண்பது வருடத்தில் எங்கள் பெயரை அப்படி யாரும் சொன்னதில்லை.

மாநிலத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார்கள். அன்று ஹாலில் இருந்த ஒவ்வொருவரையும் கேட்டார்கள். பாய்ட் சொன்னார், “அந்தப் பொண்ணை நான் பாக்கவே இல்லைங்க. அங்க இருந்தா தெரியாமலா போவும்? இருந்ததே ஒம்போது பேரு.” மற்றவர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் குடும்பத்துக்காக ஊரே பொய் சொல்கிறது என்று நினைத்தேன். பாய்டுக்கு ஒரு கேக் செய்து அனுப்பினேன்.

பிப்ரவரியில் என் முறை. வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன்.

“ஒரேலியாகிட்டேருந்து அட்டை வந்துச்சுங்களா?”

“வரலை.”

“அவங்களைப் பாத்தீங்களா?”

“பாக்கலை.”

கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு நெல்டா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ரொட்டிக் கடைப் பெட்டி. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிடவில்லை.

“விசாரணையை முடிச்சிட்டாங்க, மிஸ் அடேல்.”

“சரி.”

“காருக்குள்ள இருக்கிற கருவியைப் பிரிச்சுப் பாத்தாங்களாம். காரு ஊரைப் பாத்து வந்துக்கிட்டு இருந்திருக்கு. ஊரை விட்டுப் போகலை. கூட்டத்துக்கு வர்ற வழியிலயே...” அவள் நிறுத்தினாள். “அவசர நம்பருக்குப் போன் போட்டிருக்கா. ஏதோ தெரியாம கை பட்டிருக்கும்னு அன்னைக்கு விட்டுட்டாங்களாம். அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காமிச்சாங்க.”

“எத்தனை மணிக்கு?”

“5:16-க்கு எடுத்திருக்காங்க. 5:19-க்கு நின்னுடுச்சு.”

5:16. 5:19.

“என்ன பேசினா?”

“பேச்சே இல்லைங்க. மூணு நிமிஷமும் தண்ணிச் சத்தம். நடுவுல கண்ணாடியைத் தட்டுறா போல. டொக்கு டொக்குனு. அவ்வளவுதான்.”

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ உங்க ஹால் வாசப்படியை மிதிக்கவே இல்லை. அட்டை எப்படிக் கொடுத்திருப்பா? பாய்ட் சொன்னது நிசம். நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னதும் நிசம்தான்.” நெல்டா அழுதுகொண்டே பெட்டியை என் கையில் வைத்தாள். “நான்தான் உங்க குடும்பப் பேரை ஊரு பூரா நாறடிச்சிட்டேன். பெரியவங்க நீங்க. என்னை மன்னிச்சிடுங்க.”

ஒரு வாக்கியம் போதும். உன் தங்கை வந்தாள் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன்.

“பரவாயில்லை, நெல்டா.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் நிமிர்ந்து நின்றேன். அவள் மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன்.