சாமி படத்துக்குப் பின்னால்

அருங்காட்சியகங்களுக்குப் படம் அனுப்பியே தேய்ந்தவன் நான். கோபுரம், தீபம், மலைமேல் மேகம் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அனுப்புவேன். நன்றி, வேண்டாம் என்று ஒரு வரி வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவின் குறை வேறு: ஊரையே படம் பிடிக்கிறவன் வீட்டில், செத்துப்போன அப்பாவுக்கு ஒரு படம் இல்லை. அப்பா கேமராவைக் கண்டால் எழுந்து போகிறவர்.

போன வருஷம் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று தானாகவே எழுதியது. ரமணாசிரமம் பக்கம் வந்துபோன ஒரு பெண்மணி இங்கே வாங்கிய அண்ணாமலையார் படத்தின் கண்ணாடி, அவர் ஊருக்குப் போனதும் உடைந்ததாம். உள்ளே என் ஸ்டூடியோ முத்திரையுடன் ஒரு பழைய பிரிண்ட். அதை அருங்காட்சியகத்தார் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னும் இருந்தால் வேண்டுமாம். அனுப்பியிருந்த நகலைப் பார்த்தால், பாதி முகம் கறுத்துப்போன ஓர் ஆட்டோக்காரர். ஆரம்பகாலத்தில் நானே கெடுத்துத் தூக்கிப்போட்டது.

ஃப்ரேம் போடும் பாயிடம் ஓடினேன். கெட்டுப்போன பிரிண்டுகளை அப்போது அவர்தான் அள்ளிக்கொண்டு போவார்.

"சாமி படம் உள்ள ஆடக்கூடாதுல்ல தம்பி. உன்னுத பின்னாடி வெச்சு ஆணி அடிச்சிடுவேன். நல்ல கெட்டி பேப்பரு," என்றார், ரொம்பப் பெருமையாக.

அடி அண்ணாமலை வரை வீடு வீடாக அலைந்தேன். "வெள்ளிக்கிழமை அதுவுமா சாமியக் கழட்டணுமா?" என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். செவ்வாயும் ஆகாது. பௌர்ணமிக்கோ ஊரே கிரிவலத்தில். புதன், வியாழன் பார்த்து ஆறு படம் தேற்றினேன்.

கடைசியாக எங்கள் வீட்டுப் படம். அதுவும் பாய் கடைதான். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அரைமனதாகக் கழற்ற விட்டாள். ஆணியைப் பிடுங்கி அட்டையைத் திருப்பினால், அப்பா.

ஒரே ஒரு தடவை என் கேமராவில் மாட்டியிருந்தார். சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பிவிட்டதில் முகம் கலங்கிப்போய், குப்பை என்று நான்தான் போட்டேன். இப்போது அழுதுவிட்டேன்.

அம்மா படத்தை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "இத்தினி வருஷமா உங்களுக்கும் சேத்துதான் கற்பூரம் காட்டினேனா?" என்று அவரிடமே கேட்டாள்.

ஆறுதான் கிடைத்தது என்று அருங்காட்சியகத்துக்கு எழுதிவிட்டேன். ஏழாவது படம் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், "ஏங்க, இவ்ளோ பெரிய போட்டோகிராபரு, அப்பா படத்த இப்படி ஆட்டிட்டீங்களே?" என்று கேட்கிறார்கள்.

"அவன் ஒழுங்காத்தான் புடிச்சான்," என்கிறாள் அம்மா. "இவருதான் நிக்கல."