கழுத்தில் கிடந்த டேப்

எங்கள் தையல் கடைக்கு வேலைக்கு வந்த காஜாக்காரரை, அவர் வந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் துளை போடுவதுதான் காஜா. அந்த மனுஷர் அதைக் கையாலேயே அச்சில் வார்த்த மாதிரி போடுவார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறக்கமாட்டார். செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். திரும்பிப் பார்த்தால் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்த ஆளு பார்வையே சரியில்லக்கா," என்று கடைக்கார அக்காவிடம் சொன்னேன்.

"உன் கழுத்துல என்ன வைரமா தொங்குது? இஞ்ச் டேப்புதானடி!" என்று சிரித்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. முந்தின வாரம்தான் எங்கள் தெருவில் பட்டப்பகலில் எவனோ ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தான். அன்றிலிருந்து பெரிய கத்தரிக்கோலைக் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்துக்கொண்டேன். எவனாவது வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று வீராப்பு வேறு.

ஒரு மதியம் கடையில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவசரத் துணி. மோட்டார் மிஷினை விரட்டிக்கொண்டிருந்தேன். உருண்டு விழுந்த நூல் பாபினை எடுக்க, பெடலிலிருந்து காலை எடுக்காமலேயே வலப்பக்கம் குனிந்தேன். சடாரென்று கழுத்து இறுகியது. எதிரே, உடுப்புப் போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடியில் காஜாக்காரர். அவர் கை என் கழுத்தில். கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கையில் ஓங்கிக் குத்தினேன்.

அவர் கையை எடுக்கவில்லை. ரத்தம் வழிய வழிய டேப்பை என் தலைக்கு மேலாக உருவிவிட்டார். ஏற்கெனவே நுனி மாட்டியிருந்த அது, சர்ரென்று மோட்டார் பெல்ட்டுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது.

"காலை எடும்மா," என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவருடைய வலது கட்டைவிரலின் நரம்பு அறுந்துவிட்டது. இனி ஊசி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு பொண்ணோட துப்பட்டா இப்படித்தான் மாட்டிக்கிச்சு. அதுலேர்ந்து யார் கழுத்துல எது தொங்கினாலும் இவருக்குப் பதறும். பொம்பளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சம்," என்றார்.

கடைக்கார அக்காவும் என்னைத்தான் தேற்றினார். "பயத்துல செஞ்சது. யாரா இருந்தாலும் அப்படித்தான்டி செஞ்சிருப்பாங்க."

இப்போது காஜாக்காரர் கடையில் துணி மடிக்கிறார். காஜாவை நான் போடுகிறேன், கோணல்மாணலாக. டேப் ஆணியில் தொங்குகிறது. ஒரு துளை கூட அவர் போட்டது மாதிரி வரவில்லை. அவர் எடுத்துப் பார்ப்பார், அப்படியே மடித்து வைப்பார்.

நேற்று நான் ஊசியும் கையுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"மனசுல போட்டு உழப்பிக்காதம்மா. எவனோ திருடன்னு நினைச்சுத்தானே குத்தினே? நான்னு தெரிஞ்சிருந்தா கையை ஓங்கியிருப்பியா?"

அன்றைக்குக் கண்ணாடியில் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவர்தான் என்று தெரிந்த பிறகுதான் குத்தினேன். இந்த ஆள் இப்படித்தான் செய்வான் என்று என்றைக்கோ முடிவு கட்டி வைத்திருந்தேனே, பாவி.

"சத்தியமா மாட்டேண்ணே," என்றேன்.

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, இடது கையால் அடுத்த சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.